ஆர்வில் ப்ளெசாக்கின் மிச்சம்

தன் படம் போட்ட அட்டை ஒன்று எங்கே எரிந்தாலும், ஆர்வில் ப்ளெசாக் அந்த அளவுக்கு மங்கிப்போனார். ஒஹையோவின் மார்லோ ஃபால்ஸில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆறு உறைந்துவிட்டது என்பதைப் போலவே, ஆர்வில் இன்று இன்னும் கொஞ்சம் மங்கிவிட்டார் என்பதையும் சொல்லிக்கொண்டார்கள்.

1952இல் ஒரே ஒரு பருவம் அவர் பெரிய லீகில் பேஸ்பால் ஆடினார். அந்த ஆண்டு பபிள் கம் பாக்கெட்டுகளில் அவருடைய அட்டை வந்தது. கம்பளிச் சீருடை, தோளில் மட்டை, எங்கோ தொலைவைப் பார்க்கும் இருபத்து மூன்று வயது முகம். நட்சத்திர ஆட்டக்காரர்களின் அட்டைகளைச் சிறுவர்கள் டப்பாக்களில் பத்திரப்படுத்தினார்கள்; ஆர்விலைப் போன்றவர்களைத் துணி கிளிப்பால் சைக்கிள் சக்கரக் கம்பிகளுக்கிடையே செருகி, படபடவென்று சத்தம் எழுப்பி ஓட்டினார்கள். அடுத்த கோடை முழுக்க அவருக்குத் தலை சுற்றியது. வரும் பந்து மூன்றாகத் தெரிந்தது. அணி அவரை ஊருக்கு அனுப்பிவிட்டது. டயர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார், காபிக் கடையில் பரிமாறிக்கொண்டிருந்த நெட்டியை மணந்தார். பையன்கள் வளர்ந்து பட்டாளத்துக்குப் போக, தாய்மார்கள் பரணைச் சுத்தம் செய்து அட்டைகளை அடுப்பில் போட்டார்கள். ஆர்வில் வெளிறினார். இரும்புச்சத்து போதவில்லை என்று வைத்தியர் ஈரல் சாப்பிடச் சொன்னார்.

பழைய அட்டைகளுக்குத் திடீரென்று மவுசு வந்தபோது, டுவைட் ஹேன்ஸ் கடைத்தெருவில் அட்டைக் கடை திறந்தான். மூலைகள் ஊசிபோல் இருக்க வேண்டும், விரல் ரேகை விழுந்திருக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் வேதம். பிரிக்கப்படாத பாக்கெட் ஒன்றிலிருந்து, யார் கையும் படாத ஆர்வில் ஒருவர் அவனுக்குக் கிடைத்தார். உலகத்தில் அது ஒன்றே ஒன்றாக இருந்தால் என்ன விலை போகும் என்று டுவைட் யோசித்தான். மற்ற ஆர்வில்களைத் தபாலில் தேடித்தேடி வாங்கி, கடைக்குப் பின்னால் எண்ணெய் பீப்பாயில் எரிக்கத் தொடங்கினான். விலை கொடுத்து வாங்கிய பொருள் என்பதால் ஷெரீஃபால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

மதுக்கடையில் தொலைக்காட்சியை மறைத்து உட்கார்ந்தால் முன்பெல்லாம் ஆர்விலைத் திட்டுவார்கள். இப்போது, "இரு இரு ஆர்வில், நகராதே. உன் வழியாவே ஸ்கோர் நல்லாத் தெரியுது" என்றார்கள்.

"ஒண்ணே ஒண்ணு என்கிட்ட இருக்கு. உன்னோடதைத் தவிர மிச்சம் அதுதான், டுவைட். நிறுத்திடு" என்று நெட்டி கடைக்குப் போய்க் கெஞ்சினாள்.

"எங்க, காட்டுங்க." பார்த்துவிட்டு டுவைட் உதட்டைப் பிதுக்கினான். திருமணத்துக்கு முன் ஆர்வில் கையெழுத்திட்டுக் கொடுத்தது. பல ஆண்டுகள் அவள் கைப்பையில் கிடந்து குறுக்கே மடிந்திருந்தது, ஓரத்தில் காபிக் கறை. "அவருக்கு இடுப்பு ஏன் வலிக்குதுன்னு நினைக்கிறீங்க? இந்த மடிப்புதான். கழுத்துல இருக்கிற பழுப்பு? உங்க காபி. இது போயிட்டா, மிச்சம் என்கிட்ட இருக்கிறதுதான். ஒரு கீறல் கிடையாது."

நெட்டி அந்த ஊர்க்காரி. சேதமில்லாததே நல்லது என்று அங்கே குழந்தைக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து, தன்னிடம் இருப்பதையும் எரித்துவிடலாம் என்று ஆர்விலிடம் சொன்னாள். சமையலறை நாற்காலியில் அவர் இருக்கும் இடத்தில் ஒரு மடிப்புக் கோடும் பழுப்புத் திட்டும் மட்டுமே தெரிந்தன.

"வேண்டாம் நெட்டி" என்றது குரல். "எனக்கு இந்த மடிப்பு பழகிடுச்சு."

"ராத்திரியெல்லாம் முனகுறது யாரு? சும்மா இரு. உன் நல்லதுக்குத்தான்."

டுவைட்டின் பீப்பாயில் அட்டையைப் போட்டு, அவளே தீக்குச்சியைக் கிழித்தாள். வீடு திரும்பியபோது சமையலறையில் ஓர் இளைஞன் நின்றிருந்தான். கம்பளிச் சீருடை, கத்தியால் வெட்டியெடுத்தது போன்ற ஓரங்கள், ஒரு சுருக்கமும் இல்லாத முகம். நெட்டி அழுதுகொண்டே சிரித்தாள்.

"மன்னிக்கணும் மேடம், கதவு திறந்திருந்துச்சு" என்றான் அவன், அவள் தலைக்கு மேலே தொலைவைப் பார்த்தபடி. "மைதானத்துக்கு எந்தப் பக்கம் போகணும்?"

1952இல் அவன் அவளைச் சந்தித்திருக்கவில்லை.

அவள் கையை நீட்டினாள். பின்னாலேயே வந்திருந்த டுவைட் பதறிப்போய்க் குறுக்கே விழுந்தான். "தொடாதீங்கம்மா! மூலை மழுங்கிடும்."

வசந்தத்தில் டெக்சாஸ் பல் வைத்தியர் ஒருவர் அட்டையை வாங்கிக் கனத்த பிளாஸ்டிக்கில் அடைத்துக்கொண்டார். இளைஞன் மட்டையைத் தோளிலிருந்து இறக்காமல் கார் பின்சீட்டில் ஏறி அமர்ந்தான். கடைத்தெருவே வந்து பார்த்தது, நல்ல விலை என்று சொன்னது.

சில ஆண்டுகள் கழித்து நெட்டி, மனைவியை இழந்த ஒரு தச்சரை மணக்கப் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். முதல் கணவர் இறந்துவிட்டாரா, விவாகரத்தா என்று எழுத்தர் கேட்டார்.

"வித்துட்டாங்க" என்றாள்.

எழுத்தர் தலையசைத்து, அப்படியே எழுதிக்கொண்டார்.