நாக்கில் இருந்த வெள்ளை

வீரம்மாள் வெற்றிலையைச் சின்ன உரலில் இடிக்கத் தொடங்கியதுமே தனத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. இறந்து கிடந்த கணவன் வைத்திலிங்கத்தின் தலைமாட்டிலிருந்து எழுந்தாள். குவார்ட்டர்ஸ் வாசல்வரை போனாள். பந்தலில் ஷிப்ட் முடித்து வந்திருந்த மைன்ஸ் ஆட்களைப் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். உரல் நிற்கவில்லை. இடித்ததைத் தம்பி வாயில் வைத்துத்தான் அனுப்புவேன் என்று நாத்தனார் வீரம்மாள் காடாம்புலியூரிலிருந்து வரும்போதே முடிவோடு வந்திருந்தாள்.

"வேணாம் அண்ணி. அவரு வெத்தல பொயல வுட்டு ஒரு வருசம் ஆவுது."

"வுட்டானா? திருட்டுத்தனமா தின்னுகினு கெடக்கறாருன்னு நீதான போனுல சொன்ன?"

சொன்னாள்தான். ஒருவரிடமா சொன்னாள்? வெறும் வாயை மெல்லும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அவல் அள்ளிக் கொடுத்தாள். வாய் இறுகி இரண்டு விரல்கூட நுழையாமல் போனபோது டாக்டர் நிறுத்தச் சொன்னார், வைத்திலிங்கமும் நிறுத்தினார். ஆனால் சில மாதங்களில் நாக்கெல்லாம் வெள்ளை. சுண்ணாம்பேதான் என்று தனம் தீர்ப்பு எழுதிவிட்டாள். சட்டைப்பையைத் துழாவினாள், பெட்டிக்கடையில் போய்ச் சண்டை போட்டாள். "தொடல தனம்" என்பார். வாய் எரிந்து சோற்றுத்தட்டைத் தள்ளுவார். அதையும் வீம்பு என்றே நினைத்தாள். கன்னத்துப் புண் புற்றாகி ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

"அது சுண்ணாம்பு இல்ல அண்ணி. பூஞ்சையாம். வாய்ல நாள்பட்ட நோவு இருக்கறவங்களுக்கு சுலுவா வந்துடுமாம். டாக்டரு துணியால தொடச்சி, அடியில செவந்து கெடந்தத காமிச்சாரு. நான்தான் அநியாயமா சொல்லிட்டேன்."

ஒப்பாரி நின்றுவிட்டது. எல்லோரும் தன்னைப் பார்ப்பது தனத்துக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டதில் கொஞ்சம் மூச்சு வந்தது.

"இத அவன்கிட்ட சொன்னியா?" என்றாள் வீரம்மாள்.

"சொன்னேன். கண்ண மூடிகினு கெடந்தாரு. காதுல வுழுந்துச்சான்னு தெரியல."

வீரம்மாள் இடிப்பதை நிறுத்தினாள். உரலைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"ஏந்து வா. வாய்க்கரிசிய மொதல்ல நீ போடு."

தனம் ஒரு பிடி அள்ளினாள். அவர் வாய் திறக்கவில்லை. அரிசி உதட்டிலேயே நின்றது. ஒவ்வொன்றாக விரலால் உள்ளே தள்ளினாள். பின்னால் பெண்கள் அரிசியோடு காத்திருந்தார்கள். அவள் நகரவில்லை.