குறட்டை நின்ற இடம்

அந்த அறையின் சுவர் முழுக்க மெத்தை ஒட்டியிருந்தார்கள். கதவைச் சாத்தினால் தெரு அடங்கிவிடும். பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிற இடம் அது. பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஒரு சேவைக்குப் போகவேண்டும் என்றார்கள். மற்றவர்கள் மரம் நடப் போனார்கள், என் மகள் இதைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் அவளுக்கு ரேடியோ என்றுதான் பேர். நிறுத்துவதற்குப் பட்டன் கிடையாது.

அன்று கான்கிரீட் போட்ட நாள். சட்டி சுமந்த கழுத்தோடு வேலையிடத்திலிருந்து நேராக அவளைக் கூப்பிடப் போனேன்.

"இன்னும் ஒரு பாடம் இருக்கும்மா. கடல். நாளைக்கு ஒரு அக்காவுக்குப் பரீட்சை, பதிவை வாங்கிட்டுப் போக இப்ப வந்துருவாங்க."

"முடிச்சுட்டு வா, வெளிய நிக்கறேன்."

"நிக்கற மூஞ்சியப் பாரு! உள்ள வா. சத்தம் காட்டாம உக்காரு."

பதிவின்போது வேறு ஆள் உள்ளே இருக்கக்கூடாது. சிநேகிதனை உள்ளே விட்ட ஒரு பையனைப் பொறுப்பாளர் மேடம் அப்படியே அனுப்பிவிட்டாராம். தெரிந்தும் கூப்பிட்டாள். தெரிந்தும் போனேன்.

அவள் வாசிக்க ஆரம்பித்தாள். மேலே வெளிச்சம், கீழே போகப் போக நீலம் கறுக்கும் என்றாள். முதுகுக்குப் பின்னால் மெத்தை இளகியது. முதலில் என் கால்கள் கரைந்தன. அவள் குரல் தலைக்கு மேலே எங்கோ படகாக மிதக்க, நான் அதன் அடியில் இறங்கிக்கொண்டே இருந்தேன். சிமெண்ட் தூசி என் உடம்பைவிட்டுப் புகையாக விலகிப் போனது. விளக்கேந்திய மீன்கள் ஒதுங்கி வழிவிட்டன. அங்கே யாரும் என்னை "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டவில்லை.

'நீரோட்டங்கள்' என்று அவள் சொன்னபோது கண் விழித்தேன்.

முடித்ததும் பதிவைப் போட்டுக் கேட்டாள். அவள் குரலுக்குப் பின்னால் யாரோ மரம் அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா இது?"

"காத்து போல."

"காத்து நடுவுல விசில் அடிக்குமா?"

மறுபடி வாசிக்க நேரமில்லை. கதவைத் திறந்தால், பரீட்சை எழுதும் பெண் தன் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் மேடம். பதிவைக் கொஞ்சம் கேட்டதும் மேடம் நிமிர்ந்தார்.

"உள்ள யாரு இருந்தா?"

ரேடியோ என் பக்கம் திரும்பியது.

"நான்தாங்க, தூங்கிட்டேன். பிள்ளை மேல தப்பில்ல" என்றேன்.

"நான்தான் கூப்பிட்டேன் மேடம்."

"சரி. அடுத்த வாரத்துலேருந்து நீ மரம் நடப் போ."

மகள் புத்தகத்தை மூடி மேடத்திடம் நீட்டினாள்.

"இருங்க, நான் கேக்கறேன்" என்றாள் அந்தப் பெண். தலையைச் சாய்த்துக் கடைசிவரை கேட்டாள். இடையில் ஒருமுறை சிரித்தாள்.

"இதை அழிச்சிராதீங்க மேடம். மத்தவங்க புத்தகத்துல கோடு போட்டுப் படிப்பாங்க. எனக்கு எல்லாமே ஒரே குரலா ஓடிரும், எது எங்கன்னு நிக்காது. இதுல குறட்டை ஆரம்பிச்சா இருட்டு. விசில் வந்தா மீன். நின்னா நீரோட்டம். எப்படி மறக்கும்?"

மேடம் கர்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு கண்ணில் வந்துவிட்டது.

"வாசிக்கட்டும். ஆனா அம்மா வெளிய பெஞ்சுல."

"ஐயோ, வரலாற்றுப் பாடம் இன்னும் பெருசு மேடம், அதுக்கும் அம்மா வேணும்" என்றாள் அந்தப் பெண்.

மறுநாள் காலை செங்கல் அடுக்கிக்கொண்டு சாரத்தில் ஏறினேன். வெயில் தண்ணீராக அசைந்தது. இந்நேரம் அந்தப் பெண் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பாள். வெளிச்சம் முடிந்து நீலத்தைத் தாண்டி, நான் கண்ணயர்ந்த இடத்துக்கு மெல்ல இறங்கிக்கொண்டிருப்பாள்.