இடைவேளையில் எழுந்து போன விமர்சகர்

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததே ஒரு பதிலைத் தள்ளிப்போடத்தான். நாலு மணிக்குப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் போன் செய்வார். நான் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும்.

முதல் வரி இப்படி இருந்தது: ‘மழை கொட்டிய ஒரு வெள்ளிக்கிழமை, என் நாவல் திரைக்கு…’ வேண்டாம். மழையே இல்லை. (‘நாவலில் பெய்த மழை படத்தில் பெய்யவில்லை’ என்று ஒரு விமர்சனம் சொல்கிறது. நாவலிலும் பெய்யவில்லை. எழுதியவன் நான், எனக்குத் தெரியாதா?)

2

சங்கதி இதுதான். நன்றாக விற்ற என் மர்ம நாவலைப் படமாக்கினார்கள். வந்தவை பதினோரு விமர்சனங்கள். அதில் பத்து, ‘நாவலின் ஆழம் இல்லை’ என்கின்றன. ஆழம் பார்த்தவர்கள் பின்னட்டையைத் தாண்டவில்லை. போகட்டும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் துணி வியாபாரம். தொட்டுப் பார்க்காமலே நூல் சரியில்லை என்பவர்களை நான் தொட்டிலிலிருந்தே பார்க்கிறேன்.

பதினோராவது, என் அக்கா வீட்டுக்காரருடையது. இருபது வருஷமாக ஒரே நாளிதழில் சினிமா விமர்சகர். எழுதியிருக்கிறார்: ‘பல் மருத்துவர்தான் கொலைகாரர் என்று வெளிப்படும் கடைசிக் காட்சியில் நடிகர் உயிரைக் கொடுத்திருக்கிறார்.’

நாவலில் கொலைகாரர் பல் மருத்துவர்தான். படத்தில் அதை வாடகை வீட்டுக்காரம்மா என்று மாற்றிவிட்டார்கள். பல் மருத்துவர் இடைவேளை முடிந்த ஐந்தாம் நிமிடமே செத்துப்போகிறார். அந்த வகையில் உயிரைக் கொடுத்தது உண்மைதான்.

3

இந்தப் பாத்திரத்துக்கு ஒரு நியாயம் தேடினேன். ‘மனைவிக்கு உடம்பு முடியவில்லை என்று தகவல் வர, அவர் பதறியடித்து…’ அக்கா கல்லுக்குண்டாட்டம் இருக்கிறாள். [அந்த வரியை அடித்தாயிற்று.]

நிஜத்தில் அவர் சொன்னது இது: “ஏசி குளிர் தாங்கல மாப்ளே. உன் கதைதானே, எனக்குத் தெரியாததான்னு கிளம்பிட்டேன்.”

தெரியும்தான். கையெழுத்துப் பிரதியை நாலு தடவை படித்து, கொலைகாரனின் இடது கைப் பழக்கம் ஏழாம் அத்தியாயத்தில் வலதாகிவிட்டதைப் பிடித்தவர் அவர்.* என் நாவலை ஒழுங்காகப் படித்த ஒரே விமர்சகர், படத்தை முழுதாகப் பார்க்காத ஒரே விமர்சகர். எங்கே போய் முட்டிக்கொள்வது?

* நன்றியுரையில் அவரை விட்டுவிட்டேன். இப்போதுதான் உறைக்கிறது.

4

வாசகர்கள் கேலி செய்யவும் நாளிதழ் ஆசிரியர் அவரை அழைத்து விசாரித்திருக்கிறார். மச்சான் அசரவில்லை. வெளியீட்டுக்கு முன் தனக்குப் போட்டுக் காட்டிய பிரதியில் முடிவு வேறு, பிறகு மாற்றிவிட்டார்கள் என்று சாதித்துவிட்டார். அன்று கூட இருந்தது நான் மட்டும். அது உண்மையா என்றுதான் ஆசிரியர் நாலு மணிக்கு என்னிடம் கேட்கப்போகிறார். இடைவேளைக்குப் பின் அவர் இருக்கை காலி. பின்வரிசைக்குப் போய்விட்டார் என்று நினைத்தேன்.

நான் ஆமாம் என்றால் அவர் வேலை தப்பும். கடைசி நேரத்தில் பயந்து முடிவை மாற்றியவர் என்ற பெயர் இயக்குநர் தலையில் விழும். அந்தப் பெண்ணுக்கு இது முதல் படம்.

5

முடிவுகளை விரித்துப் போடுகிறேன், பாருங்கள். ஒன்று, பொய் சொல்கிறேன். அந்தப் பெண்ணை நேரில் பார்க்கும்போதெல்லாம் செருப்பைப் பார்த்துப் பேசுகிறேன். இரண்டு, உண்மை சொல்கிறேன். மச்சான் ஐம்பத்தாறு வயதில் வேலை தேடுகிறார். மூன்று, போனை எடுக்கவே இல்லை.

மூன்றாவதை, என் வீட்டுக்கு வந்திருந்த அக்கா கெடுத்துவிட்டாள். மணி அடித்ததும் அவளே எடுத்து என் கையில் கொடுத்தாள்.

“அவர் பொய் சொல்றார்னு தெரியும்டா,” என்றாள் மெதுவாக. “நீ என்ன சொல்லணும்னு நான் சொல்ல மாட்டேன்.”

ஆசிரியர் கேட்கிறார்: “சார், அன்னைக்கு நீங்க பார்த்த படத்துல கொலைகாரர் யாரு?”

என்னால் ஆகாது. இவ்வளவு நேரம் பக்கத்திலேயே இருந்தீர்கள், எல்லாம் உங்களுக்குத் தெரியும். இந்தாருங்கள் போன். அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லுங்கள்.