இருபத்து நான்காவது அங்கி

பங்குக் கோவிலின் இசை விழாவுக்குப் பாடகர் குழுவினருக்கெல்லாம் புது அங்கி தைக்கச் சொல்லி, பாட்டு மாஸ்டர் அளவுச் சீட்டைக் கொடுத்தார். அதில் இருபத்து மூன்று பேர்தான் இருந்தார்கள். தையல்கார அக்கா பதினெட்டு வருடமாக அந்தக் குழுவில் பாடுகிறவள். தன் அளவு தனக்கே தெரியும் என்றுதான் மாஸ்டர் எழுதாமல் விட்டிருக்கிறார் என்று நினைத்து, மிச்சத் துணியில் தனக்கும் ஒன்று தைத்துக்கொண்டாள்.

விழாவன்று அதைப் போட்டுக்கொண்டு மூன்றாம் வரிசையில் தன் பழைய இடத்தில் போய் நின்றாள். மாஸ்டர் நேரே அவளிடம் வந்தார்.

"நல்ல வேளைக்கா, ஒன்னு கூடவே தச்சிருக்கீங்க. புதுசா சேர்ந்த பொண்ணுக்கு அக்குள்ல பிடிக்குதாம். இதைக் கழட்டிக் குடுங்க."

"அப்ப நான் எதைப் போட்டுக்கறது மாஸ்டர்?"

"உங்களுக்கு எதுக்குக்கா? உங்க தொண்டைதான் போன வருஷமே படுத்துடுச்சே. யாரும் சொல்லலியா?"

சொல்லியிருக்க வேண்டிய கல்லுளிமங்கர்கள் எல்லோரும் பாட்டுப் புத்தகத்துக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்கள்.

அங்கி அந்தப் பெண்ணுக்குத் தொளதொளவென்று தொங்கியது.

"ரெண்டு பக்கமும் கொஞ்சம் பிடிச்சு விடுங்கக்கா, சீக்கிரம்" என்றார் மாஸ்டர்.

முதல் பாட்டு எழும்பியபோது அக்கா அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் குந்தியிருந்தாள். அவளுக்கு மனப்பாடமான பாட்டு. வாய் நிறையக் குண்டூசி.