நீவெஸின் இரும்பு மோதிரம்

எனக்கு அன்று ஏழு மாதம். வயிற்றில் இருந்தது குழந்தை இல்லை. பழந்துணியில் சுற்றிய இரண்டு கைத்துப்பாக்கிகள். முசோலினியின் கறுஞ்சட்டைப் படையை எதிர்த்து மலையில் ஒளிந்திருக்கும் நம் பையன்களுக்கு மதியத்துக்குள் அவை போயாக வேண்டும். மாட்டினால் பாலத்தடியிலேயே சுட்டுவிடுவார்கள். அப்படியும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கையில் எனக்குப் பாட்டு வந்தது. இருபத்தொரு வயதுப் புத்தி!

சிநேகிதி நீவெஸ் எனக்கு முன்பே பாலத்து முனைச் சோதனையைத் தாண்டிப்போய் மரத்தடியில் நின்றாள். நகரத்துக் காலுறைத் தொழிற்சாலையில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து எந்திரம். என்னைவிட ஏழு வயது மூத்தவள், ஆனாலும் வாடி போடிதான். இது அவள் ஊர். என்னை இங்கே யாருக்கும் தெரியாது. கர்ப்பிணிக்கு மோதிரம் வேண்டாமா என்று அவளே தன்னுடையதைக் கழற்றி என் விரலில் மாட்டியிருந்தாள்.

காவலுக்கு நின்ற கறுஞ்சட்டைக்காரன் என் அடையாள அட்டையைப் பார்த்தான், விரலைப் பார்த்தான்.

“இரும்பு மோதிரமா? கழட்டு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அபிசீனியப் போருக்கென்று பெண்களின் தங்கக் கல்யாண மோதிரங்களை வாங்கிக்கொண்டு முசோலினி பதிலுக்குக் கொடுத்த வளையம் அது. உள்ளே தேதி குத்தியிருக்கும்.

“முப்பத்தஞ்சாம் வருஷம்! அப்ப உனக்குப் பன்னெண்டு வயசுதானே? கொடுத்துவச்ச மாப்பிள்ளை!” சிரித்தவன் சட்டென்று துப்பாக்கி முனையை என் வயிற்றுக்கு நேரே நீட்டினான். “கோட்டைத் திற.”

“அடிப்பாவி! அது என் மோதிரம்டி!”

நீவெஸ் சைக்கிளை நடுரோட்டில் எறிந்துவிட்டு ஓடிவந்தாள். பளாரென்று ஓர் அறை.

“தொலைஞ்சுபோச்சுன்னு என் புருஷன் சத்தியம் பண்ணானே! உனக்குத்தான் போட்டுவிட்டானா? இந்த வயிறும் ப்ரீமோ வேலைதானா? சொல்லுடி!”

நான் மட்டும் சளைத்தவளா? “அவர்தான் செத்துட்டாரே, என்னை விட்டுடு!” என்று அலறியபடி வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டேன். முடிச்சு நழுவ ஆரம்பித்திருந்தது.

பால் கேன்களோடு வரிசையில் நின்ற சனம் முண்டியடித்தது. கறுஞ்சட்டைக்காரனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர். மோதிரத்தை நீவெஸிடம் வீசினான். “போங்கடி, அந்தப் பக்கம் போய் அடிச்சுக்குங்க!”

என் முதுகில் குத்திக் குத்தியே அவள் என்னைப் பாலம் தாண்டவைத்தாள். திருப்பம் தாண்டியதும் பள்ளத்தில் விழுந்து புரண்டு சிரித்தோம். உயிரோடு இருப்பது அவ்வளவு ருசியாக இருந்தது.

“என்ன நடிப்புடி!” என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. “மாமியார் வரிசையில நின்னாங்கடி.”

ப்ரீமோ மே மாதம் ரயில் பட்டறையில் குண்டு விழுந்து செத்தவன். வேறொருத்தியை ஏறெடுத்தும் பார்க்காதவன்.

“உண்மையைச் சொல்லிடேன்.”

“சொன்னா அழுதுகிட்டே நாலு பேர்கிட்ட சொல்லிடுவாங்க. அப்புறம் உன் உயிர் போயிடும். எந்திரி, வயித்தை இறுக்கிக் கட்டு.”

துப்பாக்கிகள் மதியத்துக்குள் போய்ச் சேர்ந்தன.

திங்கட்கிழமை எந்திரத்தில் குனிந்தபடியே நீவெஸ் சொன்னாள். செத்த மகனுக்காக உடுத்திய துக்கக் கறுப்பை மாமியார் அன்று மாலையே கழற்றிவிட்டார்களாம். இவள் கையைப் பிடித்துக்கொண்டு, “இப்படி ஒருத்தனைப் பெத்ததுக்கு என்னை மன்னிச்சுடும்மா” என்றார்களாம்.

“நீ என்னடி சொன்னே?”

“மன்னிச்சுட்டேன்னு சொன்னேன்.”