பூச்சிக் கண்ணில் குர்ஷெத்

ஆப்ரிகாட் பூத்து முடிந்த வாரத்தில், இஸ்ஃபரா ஊரில் மவ்ஜூனா எடுத்த ஒரு ஈயின் படத்தில், அதன் கண்ணுக்குள் அவள் கணவன் குர்ஷெத் நின்றிருந்தான். ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போய், ஆறு வருஷமாகத் தகவலே இல்லாதவன். படமெடுக்கும் மவ்ஜூனாவின் உருவம்தான் அங்கே தெரிந்திருக்க வேண்டும். அவள் தெரியவில்லை. பனி படிந்த தொப்பியோடு அவன் தெரிந்தான்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மவ்ஜூனா, வீட்டுத் தோட்டத்து ஆப்ரிகாட் மரங்களின் இலைகளைத் தின்பது எந்தப் பூச்சி என்று பார்க்கத்தான் செல்போனில் சின்ன லென்ஸை மாட்டத் தொடங்கினாள். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. படத்தை மாமியார் சவோதத்திடம் காட்டினாள். கிழவி வெகுநேரம் பார்த்தாள்.

"இளைச்சுப் போயிட்டானே. அங்க யாரும் ஒரு ரொட்டி குடுக்கலியா?"

தெருப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, குர்ஷெத்தான் என்று ஒப்புக்கொண்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். ஆனால் பழத்தைப் பறித்து உலர்த்தி முடித்ததும் மவ்ஜூனாவுக்கும் வேன் ஓட்டும் இல்ஹோமுக்கும் நிக்காஹ் என்று பேசி முடிவாகியிருந்தது. இத்தனை வருஷம் தகவல் இல்லாதவனுக்காகக் காத்திருக்க வேண்டாமென்று முல்லாவே சொல்லியிருந்தார். கிழவியைத் தனியே விடக்கூடாதென்று இல்ஹோம் இந்த வீட்டுக்கே குடிவரச் சம்மதித்திருந்தான்.

அடுத்தடுத்து எடுத்த படங்களிலும் அவன் வந்தான். பொறிவண்டின் பளபளக்கும் முதுகில் குர்ஷெத் வாய்க்கால் ஓரம் நின்றான். குளவியின் கண்ணில் வாசற்கதவருகே நின்றான். மவ்ஜூனா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். தெருவில் ஒரு கழுதைதான் நின்றிருந்தது. கோடையில் எடுத்த படத்தில், தும்பியின் கண்ணில் அவளும் தெரிந்தாள். அவள் தோளில் அவன் கை இருந்தது. அன்று முழுக்க, அந்த வெயிலிலும், அந்தத் தோள் மட்டும் சில்லிட்டுக் கிடந்தது.

அதன்பின் இல்ஹோமை அழைத்து எல்லாப் படங்களையும் காட்டினாள். "இப்பவே சொல்லிடுங்க. வேணாம்னா நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

இல்ஹோம் தலையைச் சொறிந்தான். "அவன் ஏதாச்சும் கேக்குறானா?"

"கேக்கல. நிக்கிறான், அவ்வளவுதான்."

"நின்னுட்டுப் போகட்டும். அவன் வீடுதானே."

மவ்ஜூனாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. ரோஜாச் செடியில் இருந்த கும்பிடுபூச்சி முன் போய் மண்டியிட்டாள். "வர்றதுன்னா முழுசா வா. இல்லேன்னா என்னை விடு. இப்படி முதுகுக்குப் பின்னால நிக்காதே," என்றாள். பூச்சி தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. படமெடுத்தாள். அவன் கை தோளில் இல்லை. அவன் முதுகைக் காட்டிக்கொண்டு, மரத்தில் ஏணியைச் சாத்திக்கொண்டிருந்தான்.

நிக்காஹ் குறித்த நாளில் நடந்தது. அதற்குப் பிறகு எடுத்த எந்தப் படத்திலும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கிளை கழிக்கிறான், வாய்க்காலில் தூர் வாருகிறான், உதிர்ந்த பழம் பொறுக்குகிறான். தோட்டத்தில் போய்ப் பார்த்தால், யாரும் தொடாத மரங்களில் வெட்டுவாய் புதிதாக இருக்கிறது. அடுத்த வருஷம் காய்த்த காய்ப்பில் கிளைகளுக்கு முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. மவ்ஜூனா படமெடுத்ததும் கிழவி முதலில் பார்ப்பது, மகனுக்குக் கொஞ்சமாவது சதை பிடித்திருக்கிறதா என்பதைத்தான். இல்ஹோம் காலையில் வேனைப் பின்னால் எடுக்கும்போது ஒருமுறை ஹாரன் அடிக்கிறான், ஏணியில் இருப்பவன் சுதாரித்துக்கொள்ளட்டும் என்று.