மருந்து தங்கிப்போன வம்சம்

நகரி தாட்சாயணியின் மகள் கல்பனா, பித்தப்பைக் கல்லை எடுப்பதற்காகத் திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மயக்க ஊசி போட்டுக்கொண்டவள், அறுத்த இடம் ஆறித் தழும்பு வெளுத்த பிறகும் கண் விழிக்கவில்லை. மூச்சு சரியாக இருந்தது, நாடி சரியாக இருந்தது. உதட்டருகே கஞ்சியைக் கொண்டுபோனால் விழுங்கினாள். முகத்தில் ஈ உட்கார்ந்தால் கையால் ஓட்டினாள். ஒரு மாதம் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்காரர்கள், கட்டில் தேவைப்படுகிறது, வீட்டிலேயே தூங்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். வேனில் படுக்கவைத்துப் புத்தூர் வழியாக நகரிக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வாரம் தக்காளி விலை தாறுமாறாக ஏறியிருந்ததால் ஊர் அதைப் பற்றித்தான் அதிகம் பேசியது.

தாட்சாயணிக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவள் வம்சத்தில் மருந்து உள்ளே போகுமே தவிர லேசில் வெளியே வராது. கல்யாணத்துக்கு முன்பு ஜலதோஷத்துக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு பொங்கலன்று படுத்தவள், வருஷப் பிறப்புக்குத்தான் எழுந்தாள். அவள் அப்பாவுக்கு எப்போதோ கொடுத்த இருமல் மருந்து அவர் சாகும்வரை வேலை செய்தது. பக்கத்திலேயே மிளகாய் வறுத்தாலும் அந்த மனிதர் இருமமாட்டார். இதையெல்லாம் வீட்டுச் சுவர் தாண்டவிடாமல் வைத்திருந்தார்கள். நகரி நெசவுக் குடும்பங்களில் பெண் எடுப்பதும் கொடுப்பதும் அதே நாலு வீட்டுக்குள்தான். ரத்தத்தில் குறை என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், முகூர்த்தப் புடவையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட வேண்டியதுதான்.

ஆபரேஷனுக்கு முன்பு மயக்க மருந்து டாக்டரம்மா, உங்கள் சொந்தத்தில் யாருக்காவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று தெளிவாகத்தான் கேட்டார். தாட்சாயணி திரும்பிப் பார்த்தாள். பின்னால் நாத்தனார் ரத்தினம்மா நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய மகன் கிஷோருக்குத்தான் கல்பனாவை நிச்சயம் செய்திருந்தது.

“எங்க வம்சத்துல அப்டி ஒண்ணும் கெடையாதும்மா,” என்றாள் தாட்சாயணி.

ரத்தினம்மாவும் தன் பங்குக்கு, “எங்க பக்கமும் கெடையாது,” என்றாள். அந்த இரண்டு வாக்கியங்களோடு கல்பனா உள்ளே போனாள்.

வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்காமல் தாட்சாயணி தனியாகத் திருப்பதிக்குப் போய் டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னாள். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

“முந்தே செப்பாலி கதம்மா! முன்னாடியே சொல்லியிருந்தா வேற மருந்து கொடுத்திருப்பேனே,” என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். மருந்து தன் வேலையை முடித்ததும் அதை அறுத்து வெளியே தள்ளுவதற்கென்று ஈரலில் ஆட்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு வகை மருந்துக்கும் ஓர் ஆள். சிலருக்குப் பிறவியிலேயே ஓர் ஆள் குறைவு, மருந்து உள்ளேயே தங்கிவிடும். சிலருக்கு ஆள் அதிகம், மாத்திரை தொண்டையைத் தாண்டுவதற்குள் காலியாகிவிடும். “ஆனா அம்மா பக்கம் மட்டும் குறை இருந்தா பொண்ணுக்கு இப்படி ஆகாது. நைனா பக்கத்துலருந்தும் ஒரு பங்கு வந்திருக்கணும்,” என்றார்.

தாட்சாயணி பஸ்ஸில் திரும்பும்போது செத்துப்போன புருஷனை நினைத்துக்கொண்டாள். எழிலரசன் எவ்வளவு காய்ச்சல் அடித்தாலும் வெந்நீரைத் தவிர எதையும் தொட்டதில்லை. கஞ்சத்தனம் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். அடப்பாவி, நீயும் மறைத்தாயா என்று கோபம் வந்தது. தானும் மறைத்தவள்தானே என்று அந்தக் கோபமும் பாதி வழியில் இறங்கிப்போனது.

அதன்பின் வருஷங்கள் தறிச் சத்தத்தோடு ஓடின. வீட்டில் இரண்டு பவர்லூம். இந்தத் தறியில் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டுவிட்டு, அந்தத் தறியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முதுகில் புண் வராமல் இருக்க மகளைப் புரட்டிப் படுக்கவைப்பாள் தாட்சாயணி. திரும்பவும் தறி, திரும்பவும் மகள். தூங்கும் கல்பனாவுக்கு முடி வளர்ந்தது, நகம் வளர்ந்தது, முகத்தில் ஒரு தெளிவும் வந்தது. அம்மாவுக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போனது. அந்த வீட்டுக்கு வந்த தூக்கம் முழுவதையும் ஒருத்தியே எடுத்துக்கொண்டாள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அது பொய்யில்லை.

இரண்டாவது மழைக்காலத்தில் கல்பனாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஈரத்துணிக்கு அடங்கவில்லை. கஞ்சி இறங்கவில்லை. டாக்டரம்மா போனில் கையை விரித்தார். மருந்து கொடுக்காவிட்டால் பெண் பிழைக்கமாட்டாள். எந்த மருந்துக்கு ஆள் இருக்கிறது, எதற்கு இல்லை என்று தெரியாமல் கொடுத்தால் அதுவும் உள்ளே தங்கி, இனி விழிக்கவே மாட்டாள். “அவங்க நைனா சொந்தத்துல எந்த மாத்திரை வேலை செஞ்சு, அன்னிக்கே வெளிய போச்சுன்னு கேட்டுச் சொல்லும்மா. சீக்கிரம்,” என்றார்.

தாட்சாயணி நாத்தனார் வீட்டுக்கு ஓடினாள். ரத்தினம்மா வாசலிலேயே மறித்தாள். “ஒன் வம்சத்துக் கொறைய எங்க மேல போடறியா? எங்க பக்கம் ஒண்ணும் கெடையாது. ஒன் ரத்தம் சுத்தம்னா காணிப்பாக்கத்துல வந்து சத்தியம் பண்ணு பாக்கலாம்.”

“வா அண்ணி. நீயும் பண்ணு,” என்றாள் தாட்சாயணி.

காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்யச் சித்தூர்ப் பக்கத்தில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்கிறவர்கள்கூட அங்கே போனால் நாக்கைச் சுருட்டிக்கொள்வார்கள். பக்கத்து வீட்டுச் செல்லியம்மாவைக் கல்பனாவுக்குக் காவல் வைத்துவிட்டு, இருவரும் சித்தூர் பஸ் பிடித்துப் போனார்கள். குளத்தில் முழுகி ஈரப் புடவையோடு வரிசையில் நின்றார்கள். சந்நிதிக்கு வந்ததும் நீ முதலில் சொல் என்று ரத்தினம்மா கையைக் காட்டினாள். தாட்சாயணி வாய் திறக்கவில்லை. சரி, நீங்கள் சொல்லுங்கள் என்றார் அர்ச்சகர். ரத்தினம்மாவும் வாய் திறக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் நகருங்கள் நகருங்கள் என்று தள்ளினார்கள். தள்ளிய தள்ளில் இருவரும் பிரகாரத்துக்கு வந்து விழுந்தார்கள்.

ரத்தினம்மா முந்தானையைப் பிழிந்துகொண்டே அழ ஆரம்பித்தாள். “கிஷோருக்கு எட்டாங்கிளாஸ்ல பல்லு புடுங்க ஊசி போட்டாங்கடி. இன்னிக்கி வரைக்கும் அந்தக் கன்னத்துல உணர்ச்சி இல்ல. கடிச்சா கூடத் தெரியாது. அதான் ஒரு பக்கமா துன்றான். பொண்ணு குடுக்கமாட்டியோன்னு சொல்லல.”

“நானும் அதுக்குத்தான் சொல்லல, அண்ணி.”

“காய்ச்ச மாத்திரை இன்னா குடுத்தேன்னா கேக்கற? டைபாய்டு வந்தப்ப குடுத்தது ஒண்ணு கீது. அது மட்டும் அன்னிக்கே கேட்டுது, அன்னிக்கே போயிடுச்சு. எம் பையன் அடுத்த நாளே ஆட்டம் ஆடினான்.” பெயர் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அங்கிருந்தே போன் போட்டு டாக்டரம்மாவிடம் சொன்னார்கள். அன்று மாலையே அந்த மாத்திரையை வாங்கிக் கரைத்துக் கொடுத்ததில் விடிவதற்குள் காய்ச்சல் இறங்கியது. கல்பனா புரண்டு படுத்துத் தூக்கத்தைத் தொடர்ந்தாள்.

குட்டு உடைந்த பிறகு நாலு வீட்டிலும் ஆளாளுக்குத் தங்கள் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். வலி மாத்திரை தங்கி வருஷக்கணக்காகக் கால் வலியே தெரியாத மாமா ஒருவர் இருந்தார். எந்த மருந்தும் ஒரு நிமிஷம் தங்காத சித்தி ஒருத்தி இருந்தாள். எல்லோரும் ஒரே ரத்தத்தை ஒருவருக்கொருவர் மறைத்திருக்கிறார்கள். இந்த இரண்டு வீடும் மறுபடி சேர்ந்தால் பிள்ளைகளுக்கும் இதே கதிதான் என்று டாக்டரம்மா சொல்ல, கிஷோர் வேலூர்ப் பக்கம் பெண் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டான். தாட்சாயணி போய் அட்சதை போட்டுவிட்டு, சாப்பாட்டுக்கு நிற்காமல் திரும்பினாள். வருத்தமாக இருந்தது. வருத்தப்பட நேரம் இல்லை.

இன்னும் இரண்டு ஆடிக் கிருத்திகை போயிற்று. ஒரு பகலில் கரண்ட் போய்த் தெரு முழுக்கத் தறிகள் நின்றபோது, கல்பனா எழுந்து உட்கார்ந்தாள். சுற்றிலும் பார்த்தாள். தறிக்கட்டையைப் பிடித்தபடி நின்ற அம்மாவை வெகுநேரம் பார்த்தாள்.

“இன்னாமா, ஒம்மொகம் இப்டி கீது? நீ தூங்கவே இல்லியா?”

தாட்சாயணி இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். அத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை.

“சரி, வா. படு. நான் பாத்துக்கறேன்.” கல்பனா பாயிலிருந்து நகர்ந்து இடம் விட்டாள். மகள் படுத்த சூடு ஆறாத இடத்தில் தாட்சாயணி படுத்தாள். தலை சாய்வதற்குள் தூங்கிப்போனாள். கரண்ட் வந்தது. கல்பனா முடியை அள்ளி முடிந்துகொண்டு, அறுந்திருந்த இழைகளைச் சேர்த்துத் தறிகளை ஓட்டிவிட்டாள்.

விழித்த பெண்ணைப் பார்க்க ஊரே வந்தது. அம்மா தூங்குது, மெல்லப் பேசுங்கள் என்று அவள் எல்லோரையும் வாசலில் நிறுத்தினாள். அம்மா என்ன மாத்திரை போட்டாள் என்று கேட்டார்கள். ஒன்றும் போடவில்லை என்றாள். எப்போது எழுந்திருப்பாள் என்றார்கள். தூக்கம் தீரும்போது என்றாள். அது நியாயந்தான் என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். தை பிறந்தது, சித்திரை பிறந்தது. கல்பனா இந்தத் தறிக்கும் அந்தத் தறிக்கும் நடுவே வந்து, கஞ்சியை ஆற்றி அம்மாவின் வாயில் ஊட்டி, முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தாள்.